அடுப்படியில் இரண்டு பாகை குறைவு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஆறாவது படிக்கும் என் மகள் கணக்கு நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். இரண்டு கோணங்கள் வரைந்திருந்தாள். ஒன்று பக்கத்தில் பாதியை அடைத்துக்கொண்டிருந்தது. கோடு ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம், ஆனால் வாய் மட்டும் கீற்றாகத் திறந்திருந்தது. இன்னொன்று ஓரத்தில் பட்டாணி அளவுக்கு, வாயை நன்றாகப் பிளந்துகொண்டு. பெரியதற்குக் கீழே 'விரிகோணம்' என்றும் சின்னதற்குக் கீழே 'குறுங்கோணம்' என்றும் எழுதியிருந்தாள்.

"மாத்தி எழுதியிருக்கியே" என்றேன்.

"குறுன்னா சின்னதுதானேப்பா? இதுதானே சின்னதா இருக்கு?"

பதில் சொல்ல வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டேன். தமிழாகப் பார்த்தால் அவள் சொன்னதில் தப்பே இல்லை. குறுஞ்செய்தி சின்னது, குறும்படம் சின்னது, குறுமிளகுகூடச் சின்னதுதான். குறுங்கோணம் மட்டும் எப்படி ஒரு சாண் நீளத்துக்கு இருக்க முடியும்? இலங்கைப் பாடப்புத்தகங்களில் இதற்குக் கூர்ங்கோணம் என்று பெயர். என்னைக் கேட்டால் அதுதான் நல்ல பெயர். கூராக இருப்பது ஊசியாகவும் இருக்கலாம், கோபுர உச்சியாகவும் இருக்கலாம். நீளத்தைப் பற்றிய பேச்சே அந்தச் சொல்லில் இல்லை. நம் ஊர்ப் புத்தகத்தில் குறு வந்து உட்கார்ந்துகொண்டது. பிள்ளைகள் அளக்க வேண்டியது வாயை, அளப்பது கோட்டை.

கத்தரிக்கோலை எடுத்துக் காட்டினேன். ஏதோ தலையாட்டினாள், பிடிபட்ட மாதிரி தெரியவில்லை. கட்டிலில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த அப்பாதான் கூப்பிட்டார்.

"இங்க வா கண்ணு. கையை இப்படி மடக்கு."

அவர் தன் கையை முழங்கையில் மடக்கிக் காட்டினார். அவளும் மடக்கினாள். இரண்டு கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று நாற்பது வருஷம் கரணை பிடித்துக் காய்த்துப்போன கை. மற்றது கொத்தமல்லித் தண்டு மாதிரி.

"என் கை நீளமா, உன் கை நீளமா?"

"உங்க கைதான் தாத்தா."

"யாரு கை அதிகமா மடங்கியிருக்கு?"

அவள் உற்றுப் பார்த்தாள். "ரெண்டும் ஒண்ணுதான்."

"அவ்வளவுதான். மடக்கறதுதான் கணக்கு. கை நீளம் கணக்கில்ல."

அப்பா கொத்தனார், ஐந்தாவதோடு பள்ளியை விட்டவர். கோணம் என்ற சொல்லை அவர் வாயில் நான் கேட்டதில்லை. அவருக்கு எல்லாம் மூலைதான். மூலை சரியாக இருக்கும், அல்லது 'உள்ள வந்திருக்கும்', அல்லது 'வெளிய போயிருக்கும்'. செங்கோணம், குறுங்கோணம், விரிகோணம் மூன்றும் அதில் அடங்கிவிட்டன. பாகையும் வேண்டாம், பாகைமானியும் வேண்டாம்.

யோசித்துப் பார்த்தால் யூக்ளிடும் இதைத்தான் சொன்னார். கி.மு. 300 வாக்கில் அலெக்சாந்திரியாவில் அவர் வடிவியலைத் தொகுத்தபோது 90 என்ற எண்ணையே எழுதவில்லை. ஒரு நேர்கோட்டின் மேல் இன்னொரு நேர்கோடு நிற்கிறது. இரண்டு பக்கமும் உண்டாகும் கோணங்கள் ஒன்றுக்கொன்று சமம். அப்படியானால் அவை ஒவ்வொன்றும் செங்கோணம். இதுதான் அவருடைய வரையறை. அடுத்த இரண்டு வரிகளில் மற்ற இரண்டையும் முடித்துவிடுகிறார்: செங்கோணத்தைவிடப் பெரியது விரிகோணம், சிறியது குறுங்கோணம். வட்டத்தை 360 ஆகப் பிரிக்கும் வழக்கம் அறுபது அறுபதாக எண்ணிய பாபிலோனியர்கள் பக்கமிருந்து வந்தது. அந்த எண் இல்லாமலேயே மூன்று பெயர்களும் நிற்கும்.

மகளுக்கு இதைக் காட்ட ஒரு பழைய செய்தித்தாளில் ஒரு துண்டைக் கிழித்தேன். வேண்டுமென்றே தாறுமாறாகக் கிழித்தேன், ஓரம் ஒன்றுகூட நேராக இருக்கக் கூடாது. எப்படியோ ஒரு மடிப்பு மடிக்கச் சொன்னேன். மடித்த இடம் நேர்கோடு. இப்போது அந்த மடிப்பு தன் மேலேயே சரியாகப் படியும்படி இன்னொரு முறை மடிக்கச் சொன்னேன். அழுத்தித் தேய்த்துக் கையில் கொடுத்தாள். மூலை செங்கோணம். விரித்துப் பார்த்தால் நடுவில் கூட்டல் குறி மாதிரி நான்கு கோணங்கள், நான்கும் சமம். ஒன்றின் மேல் ஒன்று படிந்ததால் சமம், வேறு காரணமே வேண்டாம். ஸ்கேல் இல்லை, பென்சில் இல்லை. கிழிந்த காகிதத்திலிருந்து இவ்வளவு சுத்தமான ஒரு பொருள் வருவது எனக்கு இந்த வயதிலும் கொஞ்சம் ஆச்சரியம்தான்.

"இதுக்கு ஏன் செங்கோணம்னு பேரு? செவப்பா இருக்குமா?"

செம்மை என்றால் சிவப்பும் உண்டு, நேர்மையும் உண்டு. வளையாத கோல் செங்கோல், வளைந்தது கொடுங்கோல். திருக்குறளில் செங்கோன்மை என்ற அதிகாரத்துக்கு அடுத்ததே கொடுங்கோன்மைதான். நட்டுவைத்த கம்பு எந்தப் பக்கமும் சாயாமல் நிற்பதைச் செங்குத்து என்கிறோம். அதே செம்மைதான் செங்கோணத்திலும். இதைச் சொன்னபோது அவள் முகத்தில் சின்ன வெளிச்சம் வந்தது. 'குறு' கெடுத்ததை 'செம்' கொஞ்சம் சரிக்கட்டியது.

புத்தகத்தில் மூன்றையும் வரிசையாக, மூன்று பெட்டிகளில் போட்டிருக்கிறார்கள். மாம்பழம், பலாப்பழம், வாழைப்பழம் மாதிரி மூன்று வகை என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். நானும் அப்படித்தான் படித்தேன். உண்மையில் மூன்றும் சமமான ஆட்கள் இல்லை. குறுங்கோணத்துக்கு 0-க்கும் 90-க்கும் நடுவில் பெரிய மைதானமே இருக்கிறது. விரிகோணத்துக்கு 90-லிருந்து 180 வரை அதே அளவு இன்னொரு மைதானம். செங்கோணத்துக்கு இருப்பது இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு வரப்பு, அதுவும் கால் வைக்க அகலமில்லாத வரப்பு. ஒரு மயிரிழை இந்தப் பக்கம் நகர்ந்தால் குறுங்கோணம், அந்தப் பக்கம் நகர்ந்தால் விரிகோணம். கண்ணை மூடிக்கொண்டு ஒரு கோணம் வரைந்தால் அது செங்கோணமாக அமைய வாய்ப்பே கிடையாது என்று சொல்லிவிடலாம். அதனால்தான் அதற்கு மட்டும் தனியாக ஒரு கருவி. மூலைமட்டம் உண்டு, குறுமட்டமோ விரிமட்டமோ எந்த ஆசாரியின் பையிலும் இருக்காது.

இந்த வரப்பைக் கண்ணால் பார்க்க ஒரு வழி இருக்கிறது, செலவில்லாதது. ஒரு பலகையில் ஒரு சாண் இடைவெளியில் இரண்டு ஆணி அடியுங்கள். பீரோவுக்கு மேல் கிடக்கும் கல்யாணப் பத்திரிகை ஒன்றை எடுங்கள். நல்ல கெட்டி அட்டையாக, மூலை மழுங்காததாக இருக்க வேண்டும். அதன் ஒரு மூலையை இரண்டு ஆணிகளுக்கும் நடுவே நுழைத்து, மூலையின் இரண்டு ஓரங்களும் ஆளுக்கோர் ஆணியைத் தொட்டபடியே இருக்குமாறு அட்டையை மெல்ல நகர்த்துங்கள். நகர நகர மூலை இருக்கும் இடங்களில் பென்சிலால் புள்ளி வையுங்கள். பத்துப் பன்னிரண்டு புள்ளி வைத்தபின் பார்த்தால் அவை சுத்தமான ஓர் அரைவட்டத்தில் கிடக்கும். நாங்கள் அன்று ராத்திரி அடுப்படிப் பலகையைக் கெடுத்துச் செய்தோம். மனைவியிடம் வாங்கிய திட்டு தனிக் கணக்கு. அந்த அரைவட்டத்தின் மேல் எங்கே நின்று இரண்டு ஆணிகளையும் பார்த்தாலும் பார்வைக் கோணம் செங்கோணம். கோட்டைத் தாண்டி உள்ளே ஓரடி வைத்தால் விரிகோணம். வெளியே நின்றால் குறுங்கோணம். மகள் வட்டத்துக்கு உள்ளே 'வி' என்றும் வெளியே 'கு' என்றும் எழுதி, கோட்டை மட்டும் சிவப்புப் பேனாவால் தடிமனாகப் போட்டாள். சிவப்புதானே செங்கோணம்!

சரி, பெயர் வைத்து என்ன பிரயோஜனம், எத்தனை பாகை என்று சொன்னால் போதாதா என்று கேட்கலாம். நான் எட்டாவது படிக்கும்போது அப்படித்தான் நினைத்தேன். பாகைமானியில் இரண்டு வரிசை எண்கள் இருக்கும், ஒன்று இடமிருந்து வலம், மற்றது வலமிருந்து இடம். ஒரே கோட்டில் மேலே 50 என்றும் கீழே 130 என்றும் இருக்கும். அரைப்பரீட்சையில் நான் ஊசி மாதிரி இருந்த மூன்று கோணங்களுக்கு 130, 145, 120 என்று அளவு போட்டுவிட்டு வந்தேன். அளந்ததில் பிசகே இல்லை, வரிசைதான் மாறிவிட்டது. விடைத்தாள் கொடுத்த ஆசிரியர் எதுவும் சொல்லவில்லை, தன் கைக்குட்டையை எடுத்து என் கண்ணைத் துடைத்துவிட்டார். வகுப்பு சிரித்தது. இந்தப் பெயர்களின் வேலை அதுதான் என்று அன்றைக்குப் புரிந்தது. பாகைமானியை வைப்பதற்கு முன்னால் கோணத்தைப் பார்த்து, இது குறுங்கோணமா விரிகோணமா என்று வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். அதற்கப்புறம் 50-ஐ 130 என்று எழுதக் கை வராது.

கடிகாரம் இன்னொரு நல்ல வாத்தியார், கொஞ்சம் தந்திரக்கார வாத்தியார். மூன்று மணிக்குச் செங்கோணம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒன்பதரை மணிக்கு என்ன என்று கேட்டுப் பாருங்கள், பத்தில் எட்டுப் பேர் செங்கோணம் என்பார்கள். பெரிய முள் ஆறில் இருக்கும்போது சின்ன முள் ஒன்பதில் இருக்காது, பாதி வழி நகர்ந்திருக்கும். ஆக 105 பாகை, விரிகோணம். அதே காரணத்தால் மூன்றரை மணிக்கு 75, குறுங்கோணம். மூன்று மணிக்குப் பிறகு முள்கள் மறுபடி செங்கோணத்துக்கு வருவது 3 மணி 32 நிமிஷம் 44 விநாடி வாக்கில். ஒரு நாளைக்கு 44 தடவை இப்படி வரப்பைத் தாண்டுகின்றன, ஒரு தடவைகூட நிற்பதில்லை.

இனி அப்பாவின் விஷயத்துக்கு வருகிறேன். உண்மையில் இந்தக் கட்டுரையே அதற்காகத்தான்.

அஸ்திவாரம் தோண்டுமுன் முளை அடித்து நூல் கட்டுவார்கள். ஒரு நூலில் மூலையிலிருந்து மூன்றடியில் ஒரு குறி. இன்னொரு நூலில் நாலடியில் ஒரு குறி. இரண்டு குறிகளுக்கும் இடையே குறுக்கே டேப் பிடித்தால் ஐந்தடி வர வேண்டும். வந்தால் மூலை சரி. ஐந்துக்கு மேல் போனால் மூலை 'வெளிய போயிருக்கு', குறைந்தால் 'உள்ள வந்திருக்கு'. பள்ளியில் பிதாகரஸ் தேற்றம் என்று படித்தது செங்கோணத்துக்கு மட்டும்தான். கொத்தனாரிடம் அதே கணக்கு மூன்று கோணங்களையும் பிரித்துக் காட்டும் சல்லடையாக இருக்கிறது. யாகமேடைக்குக் கயிறு பிடித்து அளந்த சுல்ப சூத்திரக்காரர்களும் இந்தக் குறுக்களவைத்தான் பேசினார்கள். சுல்பம் என்றாலே கயிறு. போதாயனரின் சூத்திரத்தில் மூன்று-நான்கு, பன்னிரண்டு-ஐந்து, பதினைந்து-எட்டு என்று சோடி சோடியாக வருகிறது.

போதாயனர் என்றதும் உங்களில் பாதிப் பேருக்கு வாட்ஸாப்பில் சுற்றும் அந்தப் பாட்டு நினைவுக்கு வந்திருக்கும். நீளத்தை எட்டாகப் பிரித்து ஒன்றைத் தள்ளிவிட்டு, உயரத்தில் பாதியைச் சேர்த்தால் கர்ணம், அதாவது அந்தக் குறுக்களவு, வந்துவிடும், வர்க்கமூலமே வேண்டாம் என்கிற பாட்டு. நான்கையும் மூன்றையும் போட்டால் மூன்றரையும் ஒன்றரையும் சேர்ந்து ஐந்து. அற்புதம். பன்னிரண்டு, ஐந்து போட்டால் பதிமூன்று. அதுவும் சரி. இதோடு நிறுத்திக்கொண்டு பகிர்ந்துவிடுகிறார்கள். பத்தடிக்குப் பத்தடி போட்டுப் பாருங்கள். பாட்டின்படி 13 அடி 9 அங்குலம். உண்மையில் 14 அடி ஒன்றே முக்கால் அங்குலம் வர வேண்டும். பாட்டை நம்பி முளை அடித்தால் மூலை கிட்டத்தட்ட 87 பாகையில் நிற்கும். தோராயத்துக்கு அழகான சூத்திரம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் செங்கோணம் தோராயத்தைத் தாங்காது என்று மேலே சொன்னேனே, அதுதான் இங்கேயும்.

எவ்வளவு தாங்காது என்பதை நான் சொந்த அனுபவத்தில் அறிவேன். ஒன்பதாவது முழுப்பரீட்சை லீவில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் அடுப்படி இழுத்துக் கட்டினார் அப்பா. பழைய வீட்டுச் சுவர் ஒரு பக்கம், காம்பவுண்டுச் சுவர் ஒரு பக்கம். புதிதாக ஒரு நெடுஞ்சுவர், அதை முடிக்க ஒரு குட்டைச் சுவர். உள்ளளவு எட்டுக்குப் பத்து. நிர்ணயிக்க வேண்டியது ஒரே ஒரு மூலை. சித்தாளுக்குக் கூலி மிச்சம் என்று என்னைக் கூப்பிட்டிருந்தார். வெளியே பையன்கள் மட்டையோடு காத்திருந்தார்கள்.

எங்களிடமிருந்த டேப்பில் நுனி உடைந்து முதல் அங்குலமே கிடையாது. அப்பா ஒன்று என்ற கோட்டைக் குறியில் வைத்துப் பிடித்துக்கொண்டார். "ஒண்ணு விட்டுப் பிடிச்சிருக்கேன், பார்த்துச் சொல்லு" என்றார். அப்படியானால் என் பக்கம் 61-வது அங்குலம் வர வேண்டும். நான் நூலை இழுத்து, 60-ஐக் குறிக்கு நேராகக் கொண்டுவந்து, "அஞ்சடி சரியா இருக்குப்பா" என்றேன். அவர் முளையை அடித்தார். நான் மட்டையைத் தேடி ஓடினேன்.

ஓர் அங்குலம். மூன்றுக்கு நான்கில் குறுக்களவு ஓர் அங்குலம் குறைந்தால் மூலை 90-லிருந்து 88-க்கு இறங்கிவிடும். இரண்டு பாகை என்பது பாகைமானியில் நகத்தின் நுனி அளவு. பத்தடிச் சுவரில் அது நாலு அங்குலம். வீட்டுப் பக்கம் எட்டடி அகலமாக ஆரம்பிக்கும் எங்கள் அடுப்படி, கடைசியில் ஏழடி எட்டு அங்குலத்தில் முடிகிறது. அந்தச் சுவரின் ஒரு முனையில் இரண்டு பாகை குறைந்ததால் மறுமுனை மூலையில் இரண்டு பாகை கூடி 92 ஆகிவிட்டது. நாலு மூலைக்கும் சேர்த்து 360 வந்தாக வேண்டுமே.

வருஷக்கணக்கில் இது யார் கண்ணிலும் படவில்லை. சிவப்புச் சிமெண்ட் தரையில் கோடு கிடையாது. போன வருஷம் டைல்ஸ் ஒட்ட வந்தவர்தான் கண்டுபிடித்தார். இரண்டடி டைல்ஸ், அகலத்துக்கு நாலு, நீளத்துக்கு ஐந்து வரிசை. மூன்று பத்தி ஒழுங்காகப் போயிற்று. சுவரோரப் பத்தியில் முதல் டைல் ஓரத்தைச் சீவினால் போதும் என்று இருந்தது. அடுத்ததில் இன்னும் கொஞ்சம். கடைசி டைலில் நாலு அங்குலம் வெட்டி எறிந்தார். வெட்டிய துண்டுகளை வரிசையாக வைத்தால் பத்தடி நீளத்துக்கு ஒரு ஆப்பு.

"யாருங்க இந்தச் சுவர் கட்டினது? மூலைமட்டமே பார்க்கலியா?" என்றார் அவர்.

அப்பா திண்ணையிலிருந்தே, "மனை கோணலுங்க" என்றார்.

மனை கோணலில்லை. எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும் என்பது அதற்கப்புறம்தான் எனக்குத் தெரிந்தது. மேடையின் கடப்பாக்கல்லை நகர்த்தியபோது அதன் பின்பக்கம் சுவரையொட்டிச் சாய்வாகச் சீவப்பட்டிருந்தது. சுவர் எழும்பிய பிறகு என்றைக்கோ பார்த்திருக்கிறார், கல்லைச் சுவருக்குத் தக்கபடி வெட்டியிருக்கிறார், என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைப் பாடத்தில் ஒரு பயிற்சி இருந்தது: உங்கள் வீட்டில் காணும் குறுங்கோணங்கள் மூன்றை எழுதுக. மகள் கல்யாணப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு வீடு முழுக்க மூலை மூலையாகச் செருகிப் பார்த்தாள். அடுப்படியில் அட்டையின் ஓரத்தை ஒரு சுவரோடு ஒட்டி உள்ளே தள்ளினாள். முனை மூலையைத் தொடவில்லை. அட்டையின் வெளிப்பக்கம் அடுத்த சுவரில் முட்டிக்கொண்டது, முனைக்கருகில் ஒரு கீற்று இடைவெளி. "அப்பா, இது உள்ள வந்திருக்கு!" என்று கத்தினாள்.

கத்தரிக்கோல், சாய்த்து வைத்த ஏணி, எங்கள் வீட்டு அடுப்படி மூலை என்று எழுதிக்கொண்டு போனாள். செவ்வாய்க்கிழமை நோட்டு திரும்பி வந்தது. மூன்றாவதை மட்டும் சிவப்பு மையில் அடித்து, 'அறையின் மூலை – செங்கோணம்' என்று எழுதியிருந்தார் டீச்சர். அவள் அழாத குறையாகத் தாத்தாவிடம் கொண்டுபோய்க் காட்டினாள்.

அப்பா கண்ணாடியைப் போட்டு, எழுத்துக்கூட்டி இரண்டு தரம் படித்தார்.

"டீச்சர் சொல்றது சரிதான் கண்ணு. நான் கட்டினது செங்கோணந்தான்" என்றார். என் பக்கம் திரும்பவே இல்லை.